மின்னிலக்கக் காமிரா: வாங்குமுன் அறிய வேண்டுவன

'காமிரா' என்பது இலத்தீன் மொழிச் சொல். அறை என்பது அதன் பொருள். இருண்ட அறை ஒன்றின் சுவரில் சிறு துளையிட்டால், வெளியே உள்ள காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். இவ்வியல்பைப் பழங்காலத்தாரே அறிந்திருந்தனர். அவ்விருட்டறையே சுருங்கிச் சுருங்கிக் கைக்குள் அடங்கும் பெட்டியாயிற்று. பெட்டிக்குள் விழும் உருவை அழியாது நிலைக்கச் செய்யும் வழி நெடுங்காலம் புலப்படவில்லை. 1826-27ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு நாட்டினரான நியெப்ஸ் தம் வீட்டுச் சாளரத்தில் தோன்றிய காட்சியை உலோகத் தகட்டில் பதித்தார். 1839இல் டாகேரின் முறை உலகறிய வெளியிடப்பட்டது. 1888இல் அமெரிக்கரான ஈஸ்ட்மன் தம் கோடாக் காமிராவை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் பிலிம் சுருளே ஒளிப்படக் கலைக்கு உயிராக இருந்தது.

இன்று பிலிமின் இடத்தை மின்னிலக்கக் காமிரா பெற்றுவிட்டது. பள்ளி விழா, இலக்கியச் சங்கக் கூட்டம், பொங்கல் கலைநிகழ்ச்சி என எதுவாயினும், அதைப் படமெடுத்து வைக்கும் பொறுப்பு பெரும்பாலும் ஓர் ஆசிரியரிடமோ சங்கச் செயலாளரிடமோ வந்து சேர்கிறது. பலர் சேர்த்த பணம் அவர் கையில் இருக்கும். கடையிலே இருபது முப்பது காமிராக்கள் வரிசையாக இருக்கும். விற்பவர் எண்களை அடுக்குவார். எண்களின் பொருள் அறியாதவர், பெரிய எண் உடையதே சிறந்தது என்று கருதி வாங்கிவிடுவார். விழா மலர் அச்சேறும்போதுதான் மேடைப் படங்கள் யாவும் கலங்கித் தோன்றுவது தெரியவரும். அவ்விழா மீண்டும் வாராது. அம்மாணவரும் அவ்வகுப்பில் இரார். ஆகவே, வாங்குமுன் சிலவற்றை முறைப்பட அறிந்துகொள்ளுதல் நன்று.

மாறியதும் மாறாததும்

டிஜிட்டல் என்பதைச் சிங்கப்பூரில் மின்னிலக்கம் என்கின்றனர். இலங்கையில் இலக்கமுறை என்பர். தமிழ்நாட்டில் எண்ணியல், எண்ணிமம் என்பாரும், டிஜிட்டல் என்றே வழங்குவாரும் உளர். சொல் வேறுபடினும் கருத்து ஒன்றே. ஒளியின் அளவை எண்ணாக மாற்றிக் குறித்து வைத்தலே அக்கருத்து.

காமிராவின் முன்புறத்தில் லென்ஸ் எனப்படும் வில்லை இருக்கிறது. அது காட்சியை உள்ளே குவிக்கிறது. ஷட்டர் எனப்படும் திரை நொடியின் ஒரு பகுதி நேரம் திறந்து மூடுகிறது. இவ்விரண்டும் பிலிம் காலத்தில் இருந்தவையே. மாறியது பின்புறம் மட்டுமே. அங்கே பிலிம் இருந்த இடத்தில் சென்சார் எனப்படும் உணரி இருக்கிறது. 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வில்லர்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் சி.சி.டி. என்னும் உணரிக்கு அடிகோலினர். அதற்காக 2009இல் இயற்பியலுக்கான நோபெல் பரிசு அவர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1975இல் கோடாக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் மின்னிலக்கக் காமிராவை அமைத்தார். அதன் எடை ஏறத்தாழ 3.6 கிலோகிராம். அது ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிய 23 நொடி ஆயிற்று. அப்படத்தில் இருந்த புள்ளிகள் பதினாயிரமே. தன் கூடத்திலேயே பிறந்த அக்கருவி உலகை மாற்றியபோது, பிலிமையே பெரிதும் நம்பியிருந்த கோடாக் நிறுவனம் 2012 ஜனவரியில் நொடிப்புநிலைப் பாதுகாப்புக் கோர நேர்ந்தது.

உணரி எவ்வாறு வேலை செய்கிறது? ரப்பர்த் தோட்டத்து வாழ்க்கையை அறிந்தார்க்கு இதை விளக்குதல் எளிது. வரிசை வரிசையாக நிற்கும் மரந்தோறும் பால் மங்கு கட்டியிருக்கும். பால் சொட்டுச் சொட்டாக அதில் விழும். பின்னர் அளந்து கணக்கில் எழுதுவர். உணரியும் அவ்வாறே கோடிக்கணக்கான நுண்ணிய மங்குகளின் தொகுதி. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் ஒவ்வொன்றிலும் ஒளி விழுந்து மின்னூட்டமாகத் தேங்குகிறது. பின்னர் ஒவ்வொன்றின் அளவும் எண்ணாகக் குறிக்கப்படுகிறது. அம்மங்கு ஒன்றுக்குப் பிக்சல் என்று பெயர். பிக்சல் தானாக நிறம் அறியாது. ஆதலால் அதன்மேல் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய வண்ணத் தடுப்புகளுள் ஒன்று அமைக்கப்படுகிறது. பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம் என்னும் இவ்வமைப்பு கோடாக் நிறுவனத்து பிரைஸ் பேயர் வகுத்தது. 1976இல் காப்புரிமை பெற்றது. இன்றும் பெரும்பாலான காமிராக்களில் அதுவே உள்ளது.

மெகாபிக்சல் என்னும் எண்

பத்து இலட்சம் பிக்சல் ஒரு மெகாபிக்சல் ஆகும். அகலத்தில் 6000, உயரத்தில் 4000 பிக்சல் கொண்ட உணரி 24 மெகாபிக்சல் உணரி எனப்படும். விளம்பரங்களில் முதலிடம் பெறுவது இவ்வெண்ணே. உண்மையில் இதற்கு அத்துணைச் சிறப்பு உண்டா என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும்.

நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்தில் 300 புள்ளி இருந்தால் போதும் என்பது அச்சுத் தொழிலார் வழக்கம். ஆல்பத்தில் ஒட்டும் 6 அங்குலம், 4 அங்குலப் படத்திற்கு 1800, 1200 பிக்சல் தேவை; அதாவது 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல். ஏ4 தாள் அளவில் முழுப்பக்கப் படம் அச்சிட 9 மெகாபிக்சல் போதும். முழு உயர்தரத் தொலைக்காட்சித் திரையில் உள்ள புள்ளிகள் 2 மெகாபிக்சல் அளவினவே. இன்று கடையில் உள்ள காமிராக்களுள் இத்தேவைகளை நிறைவு செய்யாதது அரிது. ஆகவே 24க்கும் 45க்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு மயங்க வேண்டுவதில்லை.

கைப்பேசிகளில் இவ்வெண் மேலும் மயக்கம் தரும். 48 மெகாபிக்சல் என்று விற்கப்படும் கைப்பேசி, பல வேளைகளில் நான்கு நான்கு பிக்சல்களை ஒன்றாகக் கூட்டி 12 மெகாபிக்சல் படத்தையே தருகிறது. மங்குகள் மிகச் சிறியவை ஆதலின், நான்கின் பாலையும் ஒன்றில் ஊற்றினால்தான் அளவு தேறுகிறது என்க.

உணரியின் பரப்பு

எண்ணிக்கையைக் காட்டிலும் முதன்மையானது உணரியின் பரப்பு. பெரிய உணரி மிகுதியான ஒளியைத் திரட்டுகிறது. சிறிய உணரியில் விழும் ஒளி குறைவு. குறைந்த ஒளியில் அளவைப் பிழை மிகுதியாகத் தெரியும். அப்பிழையே படத்தில் மணல் தூவியது போலத் தோன்றும் புள்ளிகள்.

வழக்கில் உள்ள அளவுகள் ஐந்து. பழைய 35 மில்லிமீட்டர் பிலிம் கட்டத்தை ஒத்த முழுக்கட்ட உணரி 36க்கு 24 மில்லிமீட்டர். ஏ.பி.எஸ்.-சி என்பது ஏறத்தாழ 23.5க்கு 15.6, கேனன் நிறுவனத்தில் இது சற்றுச் சிறியது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்பது 17.3க்கு 13. 'ஓரங்குல' உணரி என்பது 13.2க்கு 8.8. மலிவான சிறு காமிராக்களில் உள்ளது ஏறத்தாழ 6.2க்கு 4.6. ஓரங்குல உணரியில் எப்பக்கமும் ஓரங்குலம் இல்லை என்பது காண்க. பழைய தொலைக்காட்சிக் காமிராக் குழாயின் வெளிவிட்டத்தை ஒட்டி எழுந்த பெயர் அது. பரப்பைக் கணக்கிட்டால் முழுக்கட்ட உணரி சிறு காமிராவின் உணரியைப் போல 30 மடங்கு பெரியது. இவ்வேறுபாடு பெட்டியின் வெளியே பெரிய எழுத்தில் அச்சிடப்படுவதில்லை, கேட்டறிதல் வேண்டும்.

வில்லையும் ஒளியும்

படத்தின் ஒளியளவை மூன்று முடிவு செய்கின்றன. வில்லையின் துளை எவ்வளவு அகலம் என்பது ஒன்று. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது இரண்டு. உணரி தரும் குறியை எவ்வளவு பெருக்குவது என்னும் ஐ.எஸ்.ஓ. அளவு மூன்று.

துளையின் அகலத்தை எஃப் எண்ணால் குறிப்பர். வில்லையின் குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் அவ்வெண் கிடைக்கும். 50 மில்லிமீட்டர் வில்லையில் துளை 25 மில்லிமீட்டர் எனில் அது எஃப் 2. ஆகவே எண் சிறுத்தால் துளை பெருக்கும். 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்னும் வரிசையில் ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகக் குறையும்.

இதன் பயனை ஒரு மேடைக் காட்சியால் அறியலாம். மண்டபத்தில் விளக்கொளி மங்கல். ஒரு மாணவி பரதம் ஆடுகிறாள். காமிராவோடு சேர்த்துத் தரப்படும் எளிய வில்லையை நீட்டிப் பார்த்தால் அதன் துளை பெரும்பாலும் எஃப் 5.6க்கு மேல் விரியாது. அவ்வொளியில் ஷட்டர் நொடியில் 30இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று கொள்வோம். அதற்குள் ஆடுபவள் கை நகர்ந்துவிடும். படத்தில் கை இராது, ஒரு கோடு இருக்கும். எஃப் 2.8 வில்லையாயின் நான்கு மடங்கு ஒளி புகும். 125இல் ஒரு பங்கு நேரம் போதும். அத்துடன் ஐ.எஸ்.ஓ.வை இருமடங்காக்கினால் 250இல் ஒரு பங்கு ஆகும். கை கையாகவே பதியும். ஐ.எஸ்.ஓ.வை மட்டும் உயர்த்திக்கொண்டே போகலாகாதோ எனில், அது ஒளியைக் கூட்டுவதன்று, உள்ளதைப் பெருக்குவதே. பிழையும் உடன் பெருகும்.

கடையில் பெரிதும் புகழப்படும் அதிர்வுத் தடுப்பு இங்கே உதவுமா? எடுப்பவர் கை நடுங்கினால் அது உதவும். எடுக்கப்படுபவர் நகர்ந்தால் உதவாது. காமிராவில் உள்ள சிறு மின்வெட்டொளியும் மேடைக்கு எட்டாது. தொலைவு இருமடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகும் என்பது விதி. மூன்று மீட்டரில் போதிய வெளிச்சம் தரும் விளக்கு, பன்னிரண்டு மீட்டரில் பதினாறில் ஒரு பங்கே தரும்.

உருப்பெருக்கத்தைக் குறித்தும் ஒரு சொல். வில்லையின் கண்ணாடிகள் நகர்ந்து காட்சியை அருகில் கொணர்வது ஒளியியல் பெருக்கம். எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது மின்னிலக்கப் பெருக்கம். பின்னதை வீட்டிலுள்ள கணினியிலேயே செய்துகொள்ளலாம். அதற்குப் பணம் தர வேண்டுவதில்லை.

காமிரா வகைகள்

முதல் வகை கைப்பேசி. பகல் வெளிச்சத்தில் நண்பர் குழுவைப் படமெடுத்து இணையத்தில் அனுப்புவதே நோக்கம் எனில், கையில் உள்ள நல்ல கைப்பேசியே போதும். தனிக் காமிரா வாங்குதல் வீண் செலவு.

இரண்டாவது, வில்லை மாற்றவியலாத கைக்கடக்கக் காமிரா. சிறிய உணரி உடையவற்றுள் பெரும்பாலானவற்றைக் கைப்பேசி வழக்கொழித்துவிட்டது. ஓரங்குல உணரியோ அதனினும் பெரியதோ உடையவை பயணம் செய்வார்க்கு ஏற்றவை.

மூன்றாவது, டி.எஸ்.எல்.ஆர். எனப்படும் ஆடியுள்ள காமிரா. வில்லை வழி வரும் காட்சியை உள்ளே ஓர் ஆடி எதிரொளித்துக் கண்ணுக்குக் காட்டும். படமெடுக்கும் நொடியில் அவ்வாடி மேலெழும். நான்காவது, ஆடியற்ற காமிரா. இதில் உணரி காணும் காட்சியே சிறு திரையில் தோன்றும். படம் எவ்வளவு வெளிச்சமாக அமையும் என்பது எடுக்குமுன்பே தெரிவதால், கற்பார்க்கு இது நல்லாசான். இவ்வகையின் முதற்காமிரா 2008இல் பானசோனிக் நிறுவனம் வெளியிட்ட ஜி1 எனலாம். இன்று புதிய கருவிகளும் வில்லைகளும் பெரும்பாலும் இவ்வகைக்கே வெளிவருகின்றன. ஆயினும் ஆடியுள்ள காமிராக்கள் பயனற்றவை ஆகிவிடவில்லை. பழைய பொருட்கடைகளில் அவையும் அவற்றின் வில்லைகளும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. சிறு தொகை உடைய சங்கத்திற்கு அது நல்ல வழியே.

பயனுக்கேற்ற தேர்வு

எக்காமிரா சிறந்தது என்னும் வினாவுக்கு விடை இல்லை. எதற்குச் சிறந்தது என்று கேட்டால் விடை உண்டு.

மேடை நிகழ்ச்சியே முதன்மை எனில், ஏ.பி.எஸ்.-சி அல்லது அதனினும் பெரிய உணரியும் அகன்ற துளையுடைய வில்லையும் வேண்டும். 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 என்னும் நிலைத்த வில்லை பல நிறுவனங்களில் குறைந்த விலையில் கிடைப்பது. அது எஃப் 5.6ஐக் காட்டிலும் ஒன்பது மடங்குக்கு மேல் ஒளி தரும். ஏ.பி.எஸ்.-சி காமிராவில் அதன் காட்சிக்கோணம் 75 அல்லது 80 மில்லிமீட்டர் வில்லையுடையதாகும், முகப்படங்களுக்கும் ஏற்றது.

விளையாட்டுப் போட்டி எனில் 200 அல்லது 300 மில்லிமீட்டர் வரை நீளும் வில்லையும், ஓடுபவரை விடாது பின்தொடரும் தன்குவிய ஆற்றலும் வேண்டும். இந்நாட்டு நண்பகல் வெயிலில் பின்புறத் திரை கண்ணுக்குத் தெரியாது. ஆதலால் கண் வைத்துப் பார்க்கும் காட்சிச் சாளரம் உள்ள காமிராவே தக்கது.

வெள்ளை வேட்டி, வெண்சுவர், பின்னே வானம் ஆகியவை உள்ள காட்சியில் கருநிற முகம் மேலும் இருண்டு பதிவதைப் பலர் கண்டிருப்பர். காட்சி முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கருதியே காமிரா ஒளியை அளக்கிறது என்பதே காரணம். வெண்மை மிகுந்த காட்சியை அது தானாகவே இருட்டாக்கிவிடும். இதைத் திருத்த ஒளித்திருத்தத் திருகு என ஒன்று உண்டு. ஒரு படி கூட்டினால் முகம் தெளியும். அத்திருகு விரலுக்கு எட்டும் இடத்தில் உள்ளதா என்று கடையிலேயே பார்த்தல் வேண்டும்.

பழைய ஆவணங்களைப் படியெடுப்பது மற்றொரு பயன். பள்ளிப் பதிவேடு, சங்க அறிக்கை, பழைய மலர்கள், தாத்தா காலத்துக் குடும்பப் படங்கள் ஆகியவை ஆண்டுதோறும் கறையானுக்கும் ஈரத்திற்கும் இரையாகின்றன. ஏ4 அளவுப் பக்கத்தை 12 மெகாபிக்சல் காமிராவே அங்குலத்திற்கு 300 புள்ளிக்கு மேல் பதியும். 60 சென்டிமீட்டர் உயரமுள்ள நாளிதழ்ப் பக்கமாயின் 24 மெகாபிக்சலும் 250 அளவையே தரும். இரண்டு பகுதியாக எடுத்தல் நலம். பிக்சல் எண்ணிக்கைக்கு உண்மையான பயன் இத்தகைய பணியிலேதான் உண்டு. இதற்கு விலையுயர்ந்த காமிராவினும் தேவையானவை மூன்று: உறுதியான முக்காலி, அருகில் குவியும் வில்லை, இருபுறமும் சாய்வாக வைத்த இரு விளக்குகள். அசையாத பொருளுக்கு ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்கலாம், ஐ.எஸ்.ஓ.வும் 100 போதும்.

விலையும் பொறுப்புறுதியும்

வில்லை மாற்றும் காமிராவை வாங்குவது ஒரு குடும்பத்தில் சம்பந்தம் செய்வது போன்றது. கேனன், நிக்கான், சோனி, ஃபியூஜிஃபில்ம் ஆகிய ஒவ்வொன்றின் பிணைப்பு வளையமும் வேறு. ஒன்றின் வில்லை மற்றொன்றில் நேரே பொருந்தாது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வளையத்தைப் பானசோனிக்கும் ஓ.எம். சிஸ்டமும் பொதுவாகக் கொண்டுள்ளன. உடலை மாற்றினாலும் வில்லைகள் பல்லாண்டு நிலைக்கும். ஆகவே கையிலுள்ள தொகை முழுவதையும் உடலுக்கே செலவிடாமல், ஏறத்தாழப் பாதியை வில்லைக்கு ஒதுக்குதல் அறிவுடைமை. நினைவட்டை, மாற்று மின்கலம், பை ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒரே காமிரா இரு கடைகளில் இரு விலைக்கு இருந்தால் காரணம் கேட்க வேண்டும். உள்ளூர் முகவர் வழி வந்ததற்கு உள்ளூர்ப் பொறுப்புறுதி உண்டு. வேறு நாட்டிலிருந்து வணிகர் தாமே கொணர்ந்த பொருளுக்குக் கடையின் உறுதி மட்டுமே இருக்கக்கூடும். பொறுப்புறுதிச் சீட்டில் யார் பெயர் உள்ளது என்பதைப் பணம் கொடுக்குமுன் படித்தல் வேண்டும். பழைய காமிராவாயின் ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்னும் எண்ணைக் காட்டச் சொல்லலாம். வில்லையின் ஒருபுறம் கைவிளக்கை வைத்து மறுபுறம் பார்த்தால், உள்ளே சிலந்திவலை போன்ற பூஞ்சணம் இருப்பின் தெரிந்துவிடும்.

ஈரமும் பூஞ்சணமும்

இப்பூஞ்சணமே மலேசியா, சிங்கப்பூர் நாடுகளில் வில்லைக்குப் பெரும்பகை. காற்றின் ஈரப்பதம் இங்கே சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியுள்ளது. அலமாரியில் தோற்பைக்குள் மூடி வைத்த வில்லை சில திங்களிலேயே கெடக்கூடும். மின்சார உலர்பெட்டியில் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்தல் சிறந்தது. அதற்கு வசதி இல்லையெனில், காற்றுப் புகாத நெகிழிப் பெட்டியில் சிலிக்கா குருணைகளுடன் வைத்து, அவை நிறம் மாறும்போது சூடாக்கி உலர்த்தலாம். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்தவுடன் வில்லையில் நீர் படியும். பையை விட்டு எடுக்காமல் இருபது நிமிடம் பொறுத்தால் அது நேராது.

படங்களைக் காத்தல்

படக்கோப்பு இருவகை. ஜேபெக் என்பது காமிராவே பக்குவம் செய்து சுருக்கித் தருவது. ஒவ்வொரு நிறத்துக்கும் 256 நிலை. ரா என்பது உணரி தந்த எண்களை ஏறத்தாழ அப்படியே வைப்பது. 14 பிட் அளவில் 16,384 நிலை. முன்னது சமைத்த சோறு, பின்னது அரிசி. தொடங்குவோர் இரண்டையும் ஒருங்கே பதிந்து வைத்தால், பிழை நேர்ந்த படத்தைப் பின்னர்த் திருத்த வழி இருக்கும்.

பிலிமுக்கு ஒரு நற்பேறு இருந்தது. பெட்டியில் மறந்து விட்ட பழைய நெகட்டிவை ஐம்பது ஆண்டு சென்றும் ஒளிக்கு நேரே பிடித்துப் பார்க்கலாம். மின்னிலக்கப் படத்திற்கு அப்பேறு இல்லை. நினைவட்டை பழுதானால் விழா முழுவதும் ஒரு நொடியில் இல்லையாகும். ஆகவே படங்களை அன்றே கணினியில் ஏற்றி, தனி வன்தட்டில் ஒரு படி, வேறோர் இடத்தில் மற்றொரு படி வைத்தல் வேண்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் நாள், இடம், படத்தில் இருப்போர் பெயர் ஆகியவற்றை எழுதி வைத்தலும் இன்றியமையாதது. பெயரில்லாத படம் அடுத்த தலைமுறைக்கு வெறும் முகங்களே. சிறந்த சில படங்களைத் தாளில் அச்சிட்டு வைப்பதும் நல்ல காப்பு.

கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் மூன்று விடைகளை எழுதிக்கொள்வது போதும். எவற்றை மிகுதியாகப் படமெடுக்கப் போகிறோம்? அங்கே வெளிச்சம் எவ்வளவு? உடல், வில்லை, காப்பு ஆகிய மூன்றுக்கும் சேர்த்துத் தொகை எவ்வளவு? இவற்றோடு சென்று, காமிராவைக் கையில் எடுத்து, கடையின் இருண்ட மூலையில் நடமாடும் ஒருவரைப் படமெடுத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்தல் வேண்டும். பெட்டியில் உள்ள எண்கள் சொல்லாததை அந்த ஒரு படம் சொல்லிவிடும்.